உற்சாகம் ஊட்டுகிறார்களாம்!

நம்முடைய பட்டணங்களில் இப்போது ஒரு தொழில் அமோகமாக நடந்து வருகிறது. அதற்கு முதல் அதிகம் தேவையில்லை. மடிப்புக் கலையாத ஒரு கோட்டு, கணீரென்ற குரல், கழுகையும் ஆமையையும் பற்றி நாலைந்து குட்டிக் கதைகள், இவ்வளவு இருந்தால் போதும். கம்பெனி கம்பெனியாகப் போய், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு உற்சாகம் ஊட்டிவிட்டு வருவதுதான் அந்தத் தொழில்.

அந்த வைபவத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய ஓட்டல் ஒன்றில் மண்டபம் பிடித்திருப்பார்கள். அநேகமாக அது சனிக்கிழமையாக இருக்கும். அதாவது, உழைத்தவன் வீட்டில் இருக்க வேண்டிய நாள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன் சட்டை கொடுப்பார்கள். மேடையில் நிற்பவர் கைதட்டச் சொல்வார்; தட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவரைக் கட்டிக்கொள்ளச் சொல்வார், கட்டிக்கொள்ள வேண்டும். “என்னால் முடியும்!” என்று மூன்று முறை கூவச் சொல்வார், ஐம்பது வயதுக் குமாஸ்தா, சர்க்கரை வியாதிக்காரர், கூவ வேண்டும். பலூன் ஊத வேண்டும். மத்தியானம் விருந்து. மாலையில் புகைப்படம். திங்கட்கிழமை காலையில் பழைய நாற்காலி, பழைய மேஜை, பழைய மேலதிகாரி, பழைய உறுமல்.

செவ்வாய்க்கிழமை அந்த உற்சாகத்தைத் தேடிப் பாருங்கள். ஊதிய பலூன்களோடு அதுவும் சுருங்கிப் போயிருக்கும்.

‘ஊட்டுதல்’ என்ற சொல்லையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் மொழியில் யாருக்கு ஊட்டுகிறோம்? பல் முளைக்காத குழந்தைக்கு ஊட்டுகிறோம். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளிக்கு ஊட்டுகிறோம். கையும் காலும் நன்றாயிருக்கிற மனிதனுக்கு யாரும் ஊட்டுவதில்லை. இலையைப் போட்டுச் சோற்றைப் பரிமாறினால் அவனே சாப்பிட்டுக்கொள்வான். உற்சாகத்தை ஊட்ட வேண்டும் என்று ஒரு மானேஜர் நினைக்கத் தொடங்கும்போதே, தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களைக் குழந்தைகள் என்றோ நோயாளிகள் என்றோ தீர்மானித்துவிட்டார் என்று அர்த்தம்.

என் கட்சி இதுதான்: உற்சாகம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஊட்ட வேண்டிய சரக்கே அல்ல. வேலைக்கு வருகிறவன் அதைத் தன் வீட்டிலிருந்தே கொண்டு வருகிறான். அதை அவனிடமிருந்து பிடுங்காமல் இருப்பதுதான் மானேஜரின் வேலை.

நம்பிக்கை இல்லையென்றால், எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளையோ பெண்ணோ முதல் உத்தியோகத்துக்குப் புறப்படும் காலை நேரத்தைப் போய்ப் பாருங்கள். முதல் நாள் இரவே சட்டைக்குப் பெட்டி போட்டு வைத்தாகிவிட்டது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றியிருக்கிறாள். அப்பா, பேசத் தெரியாமல், “பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா?” என்று இரண்டு தடவை கேட்கிறார். ஒன்பதரை மணி ஆபீசுக்கு அந்தப் பிள்ளை எட்டே முக்காலுக்கே போய் வாசலில் நிற்கிறான். அவனுக்கு யார் சொற்பொழிவு செய்தார்கள்? எந்தக் கோட்டுக்காரர் வந்து கைதட்டச் சொன்னார்?

அதே பிள்ளை, எட்டு மாதம் கழித்து, ஒன்பது இருபத்தொன்பதுக்கு உள்ளே நுழைகிறான். ஆறு அடிக்குமுன் பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறான். “இந்தக் காலத்துப் பையன்களுக்கு வேலையில் பிடிப்பே இல்லை” என்று மானேஜர் அலுத்துக்கொள்கிறார். எட்டே முக்காலுக்கு வந்த பையன் எங்கே போனான்? வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருள் ஆபீசில் காணாமல் போயிருக்கிறது. திருட்டுப் போன இடத்தைச் சோதனை போடாமல், பறிகொடுத்தவனை உட்கார்த்தி வைத்து உபதேசம் செய்வது எந்த ஊர் நியாயம்?

எழுத்தாளன் என்றால் பேசவும் தெரிந்திருக்கும் என்று எண்ணி என்னையும் சிலர் இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு அழைப்பதுண்டு. ஒரு முறை வீட்டுக்கே வந்தார் ஒருவர். இருநூறு பேருக்கு மேலே அதிகாரி. நல்ல மனிதர், என் கதைகளையும் படித்திருக்கிறார்.

“எங்கள் பையன்கள் எதிலும் ஒட்ட மாட்டேன் என்கிறார்கள், சார். நீங்கள் வந்து மனத்தில் தைக்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்ல வேண்டும்” என்றார்.

“ஏன் ஒட்டவில்லை என்று அவர்களைக் கேட்டீர்களா?” என்றேன்.

அவர் என்னை வியப்போடு பார்த்தார். “அவர்களை என்ன சார் கேட்பது?”

இந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த மானேஜர் வெளியூர்ப் பிரசங்கியைக் கேட்பார். புத்தகக் கடையில் அமெரிக்கப் புத்தகம் வாங்கிப் படிப்பார். ஐந்நூறு மைல் விமானத்தில் பறந்து போய் ஒரு மாநாட்டில் குறிப்பெடுத்துக்கொண்டு வருவார். தம் அறைக்கு வெளியே பத்து அடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவனை மட்டும் கேட்க மாட்டார். நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை.

“நீர் கதை எழுதுகிறவர், கற்பனையில் பேசுகிறீர். தொழிலாளி இயல்பிலேயே சோம்பேறி, தலைக்கு மேலே ஆள் நின்றால்தான் வேலை நடக்கும்” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கற்பனை கலக்காத ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் பிரீமாண்ட் என்று ஓர் ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது. அந்தக் கம்பெனியின் தொழிற்சாலைகளிலேயே மிகவும் பெயர் கெட்டது அதுதான் என்பார்கள். எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் 100 பேருக்கு ஏறக்குறைய 20 பேர் வேலைக்கு வரமாட்டார்கள். வந்தவர்களிலும் குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. கம்பெனியின்மீது உள்ள கோபத்தில், கார்க் கதவுக்குள்ளே காலிப் புட்டியைப் போட்டு மூடிவிடுவார்களாம். வாங்கியவன் ஓட்டும்போது அது உள்ளே கடகடவென்று உருண்டு கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக! கடைசியில் 1982-ஆம் ஆண்டில் அந்தத் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 1984-இல், ஜப்பானிய டொயோட்டா கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து அதே கட்டிடத்தை மறுபடி திறந்தது. புதிய ஆட்களைப் பொறுக்கி எடுத்தார்களா? இல்லை. வேலைக்குச் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளிகள். தொழிற்சங்கமும் பழைய சங்கமே. ‘உருப்படாத கூட்டம்’ என்று பட்டம் வாங்கிய அதே மனிதர்கள்தாம். ஆனால், கொஞ்ச காலத்துக்குள் வேலைக்கு வராதவர்களின் தொகை 100-க்கு இரண்டு மூன்று பேர் என்று இறங்கிவிட்டது. அவர்கள் செய்த கார்கள் ஜப்பானில் செய்த கார்களுக்கு ஏறக்குறைய ஈடாக நின்றன.

என்ன மந்திரம் போட்டார்கள்? சில நூறு பேரை ஜப்பானுக்கு அனுப்பி வேலை முறையைக் கற்றுவரச் செய்தார்கள். அதிகாரிகளும் தொழிலாளிகளும் ஒரே சாப்பாட்டு அறையில் சாப்பிட்டார்கள். அதிகாரிகளின் கார் நிற்கத் தனி இடம் என்பதை எடுத்துவிட்டார்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிது ஒரு கயிறு. ஆம், சாதாரணக் கயிறுதான்.

பழைய நிர்வாகத்தில், வரிசையாக நகர்ந்து வரும் கார்களை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது என்பது வேதவாக்கு. கண்ணெதிரே ஒரு கார் தப்பும் தவறுமாகப் போனாலும் தொழிலாளி வாயை மூடிக்கொண்டு அனுப்ப வேண்டும். புதிய ஏற்பாட்டிலோ, ஒவ்வொருவன் கைக்கும் எட்டும்படி ஒரு கயிறு ஓடியது. தவறு கண்டால் யாரும் அதை இழுக்கலாம். இழுத்தவுடன் குழுத் தலைவன் ஓடி வருவான். திட்டுவதற்கு அல்ல, உதவி செய்வதற்கு. இருவரும் சேர்ந்தும் சரி செய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். நேற்று வரை ‘நிறுத்தினால் தொலைந்தாய்’ என்று கேட்டுப் பழகியவன் கையில், அந்தத் தொழிற்சாலையையே நிறுத்தும் உரிமையைக் கொடுத்தார்கள்.

அதோடு இன்னொரு சோதனையும் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் அவர்கள் செய்த கார் சரியாக விற்கவில்லை. கையில் வேலை குறைந்தது. பழைய நாளாக இருந்தால் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இவர்கள் ஒருவரையும் அனுப்பவில்லை. பயிற்சி வகுப்புகளுக்கும் தொழிற்சாலையைச் சீர்படுத்தும் வேலைகளுக்கும் அவர்களை வைத்துக்கொண்டார்கள். கொடுத்த வாக்கைக் கஷ்ட காலத்தில் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர்களுக்கு யாராவது வந்து உற்சாகம் ஊட்ட வேண்டியிருந்திருக்குமா? 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகிக் கூட்டிலிருந்து விலகியது. 2010-இல் அந்த ஆலை மூடப்பட்டது. அந்த மூடலுக்குத் தொழிலாளியின் சோம்பல் காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

இந்த வெற்றியைப் பார்த்து, ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய மற்ற ஆலைகளிலும் இம்முறையைப் புகுத்தப் பார்த்தது. அதே கலிபோர்னியாவில் வான் நைஸ் என்ற இடத்தில் அது வேர் பிடிக்கவில்லை. அந்த ஆலை 1992-இல் மூடப்பட்டது. கயிறு கட்டுவது சுலபம். கயிற்றை இழுத்தவனை முறைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். நம் ஊரிலும் எத்தனையோ ஆபீஸ்களில் ‘ஆலோசனைப் பெட்டி’ என்று ஒன்று சுவரில் தொங்குகிறது. பூட்டுத் துருப்பிடித்திருக்கும். முதல் ஆலோசனை எழுதிப் போட்டவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை மற்றவர்கள் மறக்கவில்லை!

*

பிரசங்கிகள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்றுண்டு. சிகாகோவுக்கு அருகே ஹாதார்ன் என்ற இடத்தில், தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலையில், 1924 முதல் 1932 வரை பல பரிசோதனைகள் நடந்தன. ஐந்து பெண்களைத் தனி அறையில் வைத்து வேலை செய்யச் சொன்னார்கள். ஓய்வு நேரத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். எதைச் செய்தாலும் வேலை பெருகியது. ஆகவே, தொழிலாளியின்மீது கொஞ்சம் கவனம் செலுத்தினால் போதும், அவன் பூத்துக் குலுங்குவான் என்று முடிப்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

ஆனால், அந்தக் கதையில் ஒரு பக்கத்தைப் பிரசங்கிகள் புரட்டுவதில்லை. அந்த ஐந்து பெண்களில் இருவரை, அதிகம் பேசுகிறார்கள், சொன்னபடி கேட்பதில்லை என்று 1928 ஜனவரியில் வெளியே அனுப்பிவிட்டு வேறு இருவரைக் கொண்டுவந்து உட்கார்த்தினார்கள். அந்தச் சிறு குழுவுக்குக் கூலிக் கணக்கையும் தனியே பிரித்து, கூடுதலாகச் செய்தால் அவர்களுக்கே கூடுதலாகக் கிடைக்கும்படி செய்திருந்தார்கள். இவற்றை விட்டுவிட்டுக் ‘கவனம்தான் காரணம்’ என்பது, உப்பையும் புளியையும் மறைத்துவிட்டுக் ‘கரண்டியால்தான் குழம்பு ருசித்தது’ என்பது போல!

அதே ஆலையில் 1931-32-இல் வேறொரு அறையில் 14 ஆண்களைக் கவனித்தார்கள். அவர்கள் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டு, அதற்குமேல் செய்ய மறுத்தார்கள். அதிகம் செய்தவனை அவர்களே கண்டித்தார்கள். சோம்பலா? இல்லை. இன்றைக்கு அதிகம் செய்து காட்டினால், நாளைக்கு அதையே அளவாக வைத்துக் கூலியைக் குறைத்துவிடுவார்கள், அல்லது ஆளைக் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சம். அது கணக்கு. நம்முடைய ஆபீசிலும் ஐந்து நாள் வேலையை மூன்று நாளில் முடித்தவனுக்கு என்ன பரிசு கிடைக்கிறது? பக்கத்து மேஜைக்காரனின் வேலை! இதைக் கண்ட மற்றவர்கள் மூன்று நாள் வேலையை ஐந்து நாள் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் புத்தி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

*

சம்பளத்தைப் பற்றியும் பேசிவிட வேண்டும். “பணம் மட்டும் மனிதனுக்கு உற்சாகம் தருவதில்லை” என்று ஒரு பொன்மொழி உலவுகிறது. இதைச் சொல்கிறவர் எவரும் மாசக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் கண்ணில் படாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவர் அல்லர் என்பதைக் கவனித்திருக்கிறேன். பணம் மட்டும் போதாது என்பது உண்மைதான். போதுமான பணத்தைக் கொடுத்தவருக்குத்தான் அந்த உண்மையைச் சொல்லும் யோக்கியதை உண்டு.

கார் செய்த ஹென்றி போர்டு இந்தப் பாடத்தின் இரண்டு பாதிகளையும் நமக்குக் காட்டியிருக்கிறார். அவருடைய ஆலையில் 1913-இல் சுமார் 14,000 பேர் வேலையில் நிலைத்து நிற்பதற்காக, அந்த ஓராண்டில் 50,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்ந்தவன் சேர்ந்த வேகத்திலேயே ஓடினான். 1914 ஜனவரியில் நாள் ஒன்றுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார். பழைய வருமானத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஓட்டம் நின்றது. ஆனால், அந்த ஐந்து டாலருக்குத் தகுதி உண்டா என்று பார்க்க, தொழிலாளியின் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். குடிக்கிறானா, வீடு சுத்தமாயிருக்கிறதா, பணம் சேர்க்கிறானா என்றெல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். கூலியை ஒரு கையால் கொடுத்து, மானத்தை மறு கையால் வாங்கிக்கொண்ட கதை அது. நம் காலத்து மானேஜர் வீட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை. இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் செய்தி அனுப்புகிறார். உடனே பதில் வராவிட்டால் ‘பிடிப்பு இல்லை’ என்று எழுதிக்கொள்கிறார்.

“நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று சொல்லும் வழக்கமும் வந்திருக்கிறது. மிகவும் அழகான சொல். ஆனால், எந்தக் குடும்பத்தில் வரவு குறைந்தவுடன் கடைசித் தம்பிக்கு ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியே அனுப்புகிறார்கள்? எந்தக் குடும்பத்தில் அண்ணனுக்கு எவ்வளவு வருமானம் என்று தம்பி கேட்டால் குற்றம்? வேலை செய்கிறவன் உங்களிடம் பாசத்தைக் கேட்கவில்லை. பாசம் அவன் வீட்டில் இருக்கிறது. அவன் கேட்பது நியாயத்தை. நியாயம் கொடுக்க மனம் இல்லாதவர்கள்தாம் பாசத்தை வாரி வழங்குகிறார்கள். அதற்குச் செலவு இல்லை அல்லவா?

நம் சென்னையிலேயே இதற்குப் பழைய சாட்சி இருக்கிறது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் பேர் பெற்றவை. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து நடத்தியவர்கள் என்ற புகழும் அவற்றின் நிர்வாகத்துக்கு உண்டு. இருந்தும், 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கேதான் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். அந்தத் தொழிலாளிகளின் முக்கியமான குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? நடுப்பகல் இடைவேளை அரைமணி நேரந்தான். அதற்குள் கைகழுவிச் சோறு தின்றுவிட்டு ஓடிவர முடியவில்லை என்பது! விழுங்காமல் மென்று தின்ன நேரம் கேட்டார்கள். பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த பெருந்தன்மைக்கு, சோறு தின்னும் நேரம் கண்ணில் படவில்லை.

நூறு ஆண்டு கடந்தது. 2021 செப்டம்பரில் நம் சட்டசபையில், 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்காருவதற்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்பது அந்தத் திருத்தம். கேரளத்தில் 2018-இலேயே இப்படிச் சட்டம் செய்திருந்தார்கள். யோசித்துப் பாருங்கள்: உட்காருவதற்குச் சட்டம்! பட்டுப் புடவைக் கடையில் நாம் மெத்தையில் சாய்ந்துகொண்டு “இன்னும் நல்ல நிறமாகக் காட்டம்மா” என்று கேட்டபோதெல்லாம், அந்தப் பெண் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தாள். கடையில் கூட்டமே இல்லாத வேளையிலும் நின்றாள். அவளுக்குக் கொடுக்க வேண்டியது நாற்காலி. அவளுக்குக் கிடைத்தது ‘வாடிக்கையாளரிடம் புன்னகை மாறாமல் பேசுவது எப்படி’ என்ற போதனை. காலில் நரம்பு சுருண்டுகொள்ளும்போது உதட்டில் புன்னகை எங்கிருந்து வரும்?

1918-இல் உண்ண நேரம். 2021-இல் உட்கார நாற்காலி. உற்சாகத்தைப் பற்றிப் பேசுவதற்குமுன் இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒவ்வொரு மானேஜரும் தம் மேஜைக்கு எதிரே எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

*

“எல்லாம் சரி. நானும் சம்பளக்காரன்தான். சம்பளத்தை உயர்த்த எனக்கு அதிகாரம் இல்லை. மேலே இருப்பவர் என்னை நெருக்குகிறார். நான் என்ன செய்வேன்?” என்று கேட்கும் மானேஜர்களை நான் அலட்சியம் செய்யவில்லை. அவர்கள் திருகையின் இரண்டு கல்லுக்கும் நடுவே அகப்பட்ட தானியம். ஆனால், அவர்கள் கையில் ஒன்றுமே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எழுத்தே பிழைப்பு என்று ஆவதற்குமுன், ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிப் பிழைத்தேன். அங்கே அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள், இரண்டு அதிகாரிகள். முதல் அதிகாரி தேன் ஒழுகப் பேசுவார். ஒவ்வொருவர் பிறந்த நாளும் அவருக்கு மனப்பாடம்; கேக் வந்துவிடும். “நீங்களெல்லாம் சிங்கங்கள்!” என்பார். மேலேயிருந்து ஒரு கேள்வி வந்தால் மட்டும், “பையன்கள் செய்த தவறு சார், நான் கவனிக்கிறேன்” என்று நழுவிவிடுவார்.

இரண்டாமவர் சிரித்து நான் பார்த்ததில்லை. யாரையும் புகழவும் மாட்டார். ஒரு சமயம் அவர் பிரிவில் புதிதாய் வந்த பையன் ஒருவன் ஒரு பில்லில் தொகையைத் தவறாகப் போட்டுவிட்டான். பெரிய தொகை. மாடிக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அதிகாரிதான் போனார். இருபது நிமிஷம் கழித்து முகம் கறுத்துத் திரும்பி வந்தார். பையன் எழுந்து நின்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

“உட்காரப்பா. அந்தக் கணக்கை எடு. தப்பு எந்த இடத்தில் நுழைந்தது என்று இரண்டு பேருமாகப் பார்ப்போம்” என்றார். அவ்வளவுதான்.

மாடியில் அவர் என்ன சொன்னார் என்பதைக் காப்பி கொண்டுபோன ஆள் மூலம் பிற்பாடு அறிந்தோம். “கீழே கையெழுத்து என்னுடையது, தவறும் என்னுடையது. வேறு யாரையும் கேட்க வேண்டாம்” என்றாராம். அந்த வருஷம் தணிக்கைக் கணக்கு முடிக்க இரவு ஒன்பது மணி ஆயிற்று. சிங்கங்கள் ஆறு மணிக்கே குகைக்குப் போய்விட்டன. இந்தப் பிரிவில் யாரையும் இருக்கச் சொல்லவில்லை, எல்லோரும் இருந்தார்கள்.

அந்த மனிதருக்குச் சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் இருக்கவில்லை. ஆனால், பழியைத் தன் தோளில் நிறுத்திக்கொள்ளும் அதிகாரம் இருந்தது. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். அதுபோல இன்னும் எவ்வளவோ உண்டு. ஒரு வேலையைக் கொடுக்கும்போது அது எதற்காக என்று சொல்லலாம். செய்தவன் பெயரை மேலே போகும் காகிதத்தில் எழுதலாம். திட்ட வேண்டியிருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு திட்டலாம். முடியாத கெடுவை மேலிடம் விதிக்கும்போது ‘முடியாது’ என்று ஒரு முறையாவது சொல்லிப் பார்க்கலாம். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிறவனைக் குற்றவாளியைப்போலப் பார்க்காமல் இருக்கலாம். வாங்கிய கூலிக்கு நாணயமாக வேலை செய்துவிட்டுப் போகிறவன் யாருக்கும் கடன்காரன் அல்லன். இவற்றில் எதற்கும் மண்டபம் வேண்டாம், பலூன் வேண்டாம், கோட்டுக்காரர் வேண்டாம். கொஞ்சம் துணிவு வேண்டும். அது கடையில் கிடைக்காததால்தான் பலூன் வாங்குகிறார்கள்.

இதைப் படிக்கும் அன்பர்களில் பலர் மானேஜர்களாக இருக்க மாட்டீர்கள். “நன்றாகக் கொடுத்தார் எங்கள் ஆபீஸ் ஆளுக்கு!” என்று மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு பெண்மணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நீங்கள்தான் மானேஜர். அவளுக்குக் காப்பி கொடுக்கும் தம்ளர் எங்கே இருக்கிறது? ஜன்னல் விளிம்பில் தனியாகவா? அவள் உங்கள் வீட்டில் எந்த இடத்தில் உட்காருகிறாள்? அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வராமல் போனபோது சம்பளத்தைப் பிடித்தீர்களா, இல்லையா? இதையெல்லாம் செய்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியிடம், “முன்னே மாதிரி இப்போதெல்லாம் யாருக்கும் வேலையில் அக்கறையே இல்லை, மாமி” என்று குறைப்பட்டுக்கொண்டது நீங்கள்தானே?

அக்கறை என்பது ஒருவழிப் பாதை அல்ல. மனிதனை மனிதனாக நடத்தினால் அவன் தன் முழு மனத்தையும் வேலைக்குக் கொண்டுவருகிறான். யந்திரமாக நடத்தினால் கையையும் காலையும் மட்டும் கொண்டுவந்துவிட்டு, மனத்தை வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைக்கிறான். அந்தப் பூட்டைச் சொற்பொழிவால் திறக்க முடியாது. சாவி நடத்துகிறவர் கையில் இருக்கிறது.

ஆகவே மானேஜர்களே, அடுத்த சனிக்கிழமைக்குப் பிடித்து வைத்திருக்கும் மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பணத்தில் நல்ல நாற்காலிகள் வாங்கிப் போடுங்கள். அன்றைக்கு உங்கள் ஆட்களை வீட்டில் இருக்க விடுங்கள். திங்கட்கிழமை காலையில் அவர்களில் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “இந்த வேலையில் உனக்குத் தொந்தரவாக இருப்பது எது?” என்று கேளுங்கள். சொல்வதைக் கடைசி வரையில் கேளுங்கள். அவர் சொன்னதில் ஒன்றையாவது அந்த வாரத்துக்குள் சரி செய்யுங்கள். அதன்பிறகு கைதட்டச் சொல்ல வேண்டிய அவசியமே உங்களுக்கு இராது.